களத்தில் இறங்க விடப்படாத பயிற்சியாளர்

அமெரிக்க பேஸ்போல் பயிற்சியாளர் பக் ஓ'நீல் 2006 ஒக்டோபர் 6 ஆம் திகதி 94 வயதில் காலமான செய்தி எமது ஆசிரியபீடத்துக்கு வந்தபோது அதை நான் சில வரிகளுக்குள் சுருக்கியதாக ஞாபகம். கிரிக்கெட்டில் திளைத்த எமது வாசகர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது என்பதே எனது நியாயமாக இருந்தது. அவரது வரலாற்றைப் பின்னர் வாசித்தபோதுதான் எனது தவறு புரிந்தது.

1911 இல் புளோரிடாவில் பிறந்த ஓ'நீலுக்கு, கறுப்பினத்தவர் என்பதால் சரசோட்டா உயர்நிலைப் பாடசாலையில் அனுமதி இருக்கவில்லை. வெள்ளையரின் பிரதான லீக்கும் அவ்வாறே மூடப்பட்டிருந்தது. கறுப்பின லீக்கின் கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் விளையாடிய அவர், 1948 முதல் 1955 வரை அதன் முகாமையாளராகவும் இருந்தார். ஏர்னி பாங்க்ஸ் போன்ற நட்சத்திரங்கள் அவரது கண்காணிப்பில் வளர்ந்தவர்களே.

ஜக்கி ரொபின்சன் 1947 இல் நிறத்தடையை உடைத்து 15 வருடங்கள் கழிந்த பின்னர், 1962 இல் சிக்காகோ கப்ஸ் அணி ஓ'நீலைப் பயிற்சியாளராக நியமித்தது. பிரதான லீக் அணியொன்றின் முதலாவது கறுப்பினப் பயிற்சியாளர் அவரே. அப்போது அந்த அணிக்குத் தனியொரு முகாமையாளர் இல்லை. பயிற்சியாளர்கள் சுழற்சிமுறையில் தலைமை தாங்கினர். அந்தச் சுழற்சியில் ஓ'நீலுக்கு இடம் வழங்கப்படவில்லை. ஓடும் வீரர்களுக்குச் சைகை காட்டுவதற்காகத் தளங்களின் அருகே நிற்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. பதவியை வழங்கிவிட்டு அதிகாரத்தை வழங்காமல் விடுவது பாரபட்சத்தின் நாகரிகமான வடிவம் அல்லவா? பிரதான லீக்கில் முதலாவது கறுப்பின முகாமையாளரைக் காண்பதற்கு, பிராங்க் ரொபின்சன் பொறுப்பேற்ற 1975 வரை அமெரிக்கா காத்திருக்க வேண்டியிருந்தது.

2006 இல் கறுப்பின பேஸ்போலுடன் தொடர்புடைய 17 பேர் புகழ்மண்டபத்துக்குத் தெரிவு செய்யப்பட்டபோதும் ஓ'நீலின் பெயர் விடுபட்டது. அந்த 17 பேரில் எவரும் அப்போது உயிருடன் இல்லை. அவர்கள் சார்பில் உரையாற்ற அழைக்கப்பட்ட ஓ'நீல், மறுக்காமல் சென்று மகிழ்ச்சியுடன் பேசியதுடன் கூட்டத்தினரைக் கைகோர்த்துப் பாடவும் வைத்தார். இரண்டு மாதங்கள் கடந்த சில நாட்களில் அவர் மறைந்தார்.

2022 இல் புகழ்மண்டபம் அவரையும் ஏற்றுக்கொண்டது. காலங்கடந்த அந்தக் கௌரவம் அவரது பெருமையைக் கூட்டியது என்பதை விட, மண்டபத்தின் குறையைத் தீர்த்தது என்பதே பொருத்தம். எனது சில வரிகளுக்கான பரிகாரமே இந்தக் கட்டுரை.