உமி பிசைந்த களிமண்

பீட்சா சுடுவதற்கான செங்கல் அடுப்பில் குவிமாடம் எழுப்புவது பாதி வேலைதான். அதன் முதுகைப் போர்த்துவது மறுபாதி. செங்கல் வெப்பத்தை வாங்கிச் சேர்த்து வைக்கும்; வெளிப்புறம் திறந்து கிடந்தாலோ, வாங்கியதை வெட்டவெளிக்குக் கொடுத்துவிடும். பீட்சாவுக்கு 400 பாகை செல்சியஸ் அளவிலான சூடு வேண்டும். அதனால்தான் பீங்கான் இழைப் போர்வையையோ பெர்லைட் கலந்த சிமெண்டுக் காரையையோ மேலே இடுகிறார்கள். இரண்டிலும் வேலை செய்வது ஒன்றே: அசையாமல் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை.

சரவணம்பட்டியில் இப்படியோர் அடுப்பைக் கட்டிய என் பழைய மாணவர், களிமண்ணில் உமியைப் பிசைந்து குவிமாடத்தின் மேல் அப்பியிருந்தார். இணையத்தில் கண்ட மேலைநாட்டு உத்தி என்றார். உத்தி நல்லதுதான். ஆனால் களிமண்ணும் உமியும் தீயின் முன் கூடி நின்ற வரலாறு கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், 1839-இல் இந்திய எஃகு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சேலம் வட்டாரத்தை நன்கறிந்தவர் அவர். அதில் நம் கொல்லர்களின் முறையை விளக்குகிறார். களிமண்ணில் உமிக்கரியை மிகுதியாகக் கலந்து மூசை செய்கிறார்கள். ஒரு மூசைக்கு ஒரு பவுண்டு அளவே இரும்பு. அதனுடன் ஆவாரங்குச்சிகளை நறுக்கிப் போட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைக்கிறார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கிக் கரியால் மூடித் துருத்தி ஊத, இரண்டரை மணி நேரத்தில் எஃகு உருவாகிறது. அந்த உலைக்குள் மூசைகளே ஒரு சிறு குவிமாடமாக நின்றன!

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அடுப்பின் போர்வை வெப்பத்தை வெளியே விடக் கூடாது. மூசையோ வெப்பத்தை உள்ளே விட வேண்டும். எனவே இரண்டிலும் உமியின் பணி ஒன்றல்ல. போர்வையில் உமி தீ எட்டும் இடத்தில் எரிந்து நுண்குழிகளை விட்டுச் செல்கிறது. எட்டாத இடத்தில் தன் கூட்டிலேயே காற்றைத் தாங்குகிறது. மூசையிலோ உமிக்கரியின் சிலிக்காவும் கரியும் சேர்ந்து, கடுந்தீயில் சுவர் இளகிவிடாமல் காக்கின்றன. தெலங்கானாவின் கோனசமுத்திரத்து மூசைகளை ஆராய்ந்தவர்கள் இந்த வலிமையை விளக்கியுள்ளனர். இன்றைய எஃகாலைகளில் உருகிய எஃகின் சூடு தணியாதிருக்க அதன் மேல் உமிச்சாம்பல் தூவுகிறார்கள். உமி எஃகை விட்டு இன்னும் விலகவில்லை.

தமிழ் பயின்ற நமக்கு இதில் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது மணி கடைந்த தொழிலின் தடயங்களும், இரும்பு, எஃகு உலைகளின் தடயங்களும் ஒரே ஊரில் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தின் 67, 74-ஆம் பாடல்கள் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. கபிலரும் அரிசில்கிழாரும் பாடியவை அவை. அவற்றுள் வேலைப்பாடு மிக்க அணிகலன் புகழ் பெறுகிறது, உலை இடம்பெறவில்லை. மன்னனின் கொடையைப் பாடும் பாட்டில் பரிசிலன் கைக்கு வந்த பொருளுக்குத்தான் இடம். அதை ஆக்கிய தீக்கு இடமில்லை. வகுப்பில் அந்த அணிகலனுக்கு உரை சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஹீத் அதே 1839-இல் இங்கிலாந்தில் எஃகாக்கத்தில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கான வழக்குகளிலேயே நொடித்துப்போய் 1851-இல் மறைந்தார். அவர் பெயராவது சட்ட நூல்களில் நிற்கிறது. உமிக்கரிக்கும் களிமண்ணுக்கும் சரியான விகிதத்தைக் கைப்பதத்தால் கண்டறிந்தவர்களுக்குப் பாட்டும் இல்லை, காப்புரிமையும் இல்லை. உடைந்த மூசை ஓடுகளே அவர்கள் விட்டுச்சென்ற ஏடு. பதிற்றுப்பத்தைப் பாடம் சொல்லும்போது அந்த ஓட்டையும் மாணவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.