கொடையும் உரிமையும்: ‘டிசர்வ்’ என்ற சொல்லும் அதன் சுற்றமும்

ஆங்கிலத்தில் ‘டிசர்வ்’ என்ற வினைச்சொல் பரிசு பெறுபவருக்கும் வழங்கும், தண்டனை பெறுபவருக்கும் வழங்கும். முன்னவரைத் தமிழில் ‘தகுந்தவர்தான்’ என்போம். பின்னவருக்கு ‘நல்லா வேணும்’ என்போம். இரண்டு இடத்திலும் தீர்ப்புச் சொல்பவர் பக்கத்தில் நின்று பார்க்கும் மூன்றாம் மனிதர். ஒருவருக்கு ஒன்று சேர வேண்டுமா வேண்டாமா என்பதை அவருடைய குணத்தைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரத்தை இந்தச் சொல் பிறர் கையில் கொடுத்துவிடுகிறது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். நம் கைக்கு வரும் மாதத் தொகை எந்தச் சொல்லின் கீழ் வருகிறது என்பதற்காகவே இந்த நாட்டில் பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன.

சொல்லின் வேர் வேறு கதை சொல்கிறது. லத்தீனில் ‘தெசெர்வீரே’ என்றால் ஊக்கத்தோடு ஊழியம் செய்தல். பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஊழியத்தால் ஈட்டுதல் என்ற பொருள் அதில் ஒட்டியிருந்தது. ‘மெரிட்’ என்பதும் அப்படியே. அதன் மூலச்சொல் சம்பாதிப்பதைக் குறித்தது, ரோமானியர் படைப்பணி செய்வதையும் அதே சொல்லால் சொன்னார்கள். நாளடைவில் உழைப்பு பின்னுக்குப் போய், நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை முன்னுக்கு வந்துவிட்டது.

அகராதியில் இதன் பக்கத்தில் நிற்கும் மற்றச் சொற்கள் வேறு குடும்பத்தவை. ‘க்ளெய்ம்’ என்பது உரத்துக் கூவுதலிலிருந்து வந்தது. ‘ட்யூ’ என்பதும் கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்பதும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். ‘டைட்டில்’ முதலில் பெயர்ப்பலகை, பின்பு சொத்தின் மீதான பாத்தியதை. அதிலிருந்து பிறந்ததே ‘என்டைட்டில்’. ‘பவுன்ட்டி’ என்பதற்கு மூலப்பொருள் நற்குணம், அதாவது கொடுப்பவரின் நல்ல மனம். ‘டிசர்வ்’ பெறுபவரின் குணத்தைப் பார்க்கிறது, ‘பவுன்ட்டி’ கொடுப்பவரின் குணத்தைப் பார்க்கிறது. ‘ட்யூ’வும் ‘என்டைட்டில்’உம் யாருடைய குணத்தையும் பார்ப்பதில்லை, இருவருக்கும் இடையே உள்ள கணக்கை மட்டும் பார்க்கின்றன. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்டு 1913இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையமும் இங்கேதான் இருக்கிறது: ஒருவருக்கு உரிமை உண்டு என்றால், அதைச் செய்து தீர வேண்டிய கடமை இன்னொருவருக்கு உண்டு.

குணம் பார்த்துக் கொடுப்பதன் கொடுமையை இங்கிலாந்து நெடுங்காலம் அனுபவித்தது. விக்டோரியா காலத்தில் ஏழைகளையே ‘தகுதியுள்ள ஏழை’, ‘தகுதியற்ற ஏழை’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்துக்குப் பின், உடலில் வலுவுள்ளவன் உதவி கேட்டால் பணிமனை விடுதிக்குள் அடைபட வேண்டும் என்பதே கொள்கை. பெர்னார்ட் ஷா 1913இல் மேடையேறிய ‘பிக்மேலியன்’ நாடகத்தில் டூலிட்டில் என்ற குப்பைவண்டிக்காரரைப் படைத்து, தன்னைத் ‘தகுதியற்ற ஏழை’ என்று அவரையே சொல்ல வைத்தார். தகுதியற்றவனுக்கும் பசி அதே அளவுதானே என்ற அவருடைய வாதத்துக்கு இன்றுவரை நல்ல பதில் கிடையாது.

1908இல் பிரிட்டன் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. 70 வயது நிறைந்த வறியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங். 1909 ஜனவரி முதல் தேதி அஞ்சலகங்களில் வழங்கத் தொடங்கினார்கள். அதிலும் பழைய பிடிவாதம் விடவில்லை. உழைக்க முடிந்தும் வழக்கமாக உழைக்காமல் இருந்தவருக்கும், சிறை சென்று மீண்டு 10 ஆண்டு ஆகாதவருக்கும் கிடையாது என்று விதித்தார்கள். அஞ்சலகத்தில் வேலை பார்த்த ஃப்ளோரா தாம்ப்ஸன் என்ற எழுத்தாளர் தம் நூலில் அந்த நாட்களைப் பதிவு செய்திருக்கிறார். பணத்தை எண்ணிக் கொடுத்த பெண்ணுக்கு முதியவர்கள் தோட்டத்துப் பூவும் ஆப்பிளும் கொண்டுவந்தார்களாம். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜை ஒரு பிரபு என்றே நினைத்து வாழ்த்தினார்களாம். படிக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. கூடவே வேதனையும் வருகிறது. ஆயுள் முழுக்க வயலில் உழைத்து ஓய்ந்தவர்கள் தங்களுக்குச் சட்டப்படி வந்ததைப் பெரியவர் ஒருவரின் கொடையாகவே வாங்கிக்கொண்டார்கள்.

இந்தியாவில் கதை இன்னும் கடினமானது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், அரசு வழங்கும் ஓய்வூதியம் குறித்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவே தடை போட்டது; கலெக்டர் சான்று கொடுத்தால்தான் விசாரணை. ஆள்பவரின் நல்ல மனம் என்ற ‘பவுன்ட்டி’க் கருத்து சட்டமாகவே எழுதப்பட்ட இடம் அது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. ஓய்வூதியம் அரசு நினைத்தால் தரும் கொடையாகாது, அது ஊழியரின் சொத்து என்று தீர்ப்பளித்தது.

அடுத்து வந்தது டி. எஸ். நகாரா வழக்கு. மத்திய அரசு 1979இல் ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியது. கடைசி 36 மாத ஊதியச் சராசரிக்குப் பதில் கடைசி 10 மாதச் சராசரியை எடுத்தார்கள். அதனால் தொகை கூடியது. ஆனால் 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அது இல்லை. ஒரே பதவியில் இருந்து, ஒரே அளவு உழைத்து, ஒரு நாள் முந்தி ஓய்வு பெற்றவர் குறைந்த தொகையோடு நின்றார். விலைவாசி இருவருக்கும் ஒன்றுதான். மூத்தவருக்கு மருந்துச் செலவு அதிகமாகவே இருந்திருக்கும். 1982 டிசம்பர் 17 அன்று நீதிபதி தேசாய் எழுதிய அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு, அந்தத் தேதிப் பிரிவினை சமத்துவத்துக்கு முரண் என்று நீக்கியது. ஓய்வூதியம் முதலாளியின் கருணையைச் சார்ந்ததாகாது, செய்த பணிக்கான ஈடு என்று அது விளக்கியது. ‘டிசர்வ்’ என்ற சொல்லின் பழைய பொருளான ஊழியத்தால் ஈட்டியது என்பதைத்தான் அந்த அமர்வு மீட்டுத் தந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நாளையே நாம் கொண்டாடுகிறோம்.

தமிழில் ‘கிராஜுவிட்டி’யைப் பணிக்கொடை என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேரும் இலவசமாகத் தருவதே. ஆனால் 1972ஆம் ஆண்டின் சட்டம், ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்து விலகும் தொழிலாளிக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது; கொடுக்காத முதலாளி வட்டியும் கட்ட வேண்டியிருந்தது. பெயரில் கொடை இருக்கிறது, சட்டத்தில் கடன் இருக்கிறது.

‘என்டைட்டில்மென்ட்’ என்ற சொல்லுக்கு இன்று ஆங்கிலத்தில் ஒரு கசப்பும் ஏறியிருக்கிறது. உழைக்காமல் எல்லாம் தன் காலடிக்கு வர வேண்டும் என்று நினைப்பவரை அந்தச் சொல்லால் ஏசுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1980ஆம் ஆண்டுக் கையேடு தற்காதல் ஆளுமைக் கோளாற்றின் அறிகுறிகளில் அதையும் சேர்த்தது. அடுத்த ஆண்டே அமர்த்திய சென் தம் பஞ்ச ஆய்வு நூலில் அதே சொல்லுக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்தார். 1943 வங்கப் பஞ்சத்தில் மக்கள் மடிந்ததற்கு உணவுக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, இருந்த உணவைப் பெறும் பாத்தியம் அவர்களுக்கு அற்றுப்போனதே பெரிய காரணம் என்று அவர் காட்டினார். கேட்பவரைப் பேராசைக்காரர் என்று வாயடைக்க முதல் பொருளைப் பயன்படுத்துவோரிடம் இரண்டாம் பொருளை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம்மைவிட இந்த இரண்டாம் பொருள் அதிகம் தேவைப்படுவது, ‘ஓஏபி பணம்’ எனப்படும் முதியோர் உதவித்தொகை வாங்கும் முதியவர்களுக்கு. தமிழ்நாட்டில் 1962இல் அந்த உதவி தொடங்கியது. பல ஆண்டுகள் ‘ஆதரவற்றவர்’ என்று மெய்ப்பித்தால்தான் கிடைத்தது. பிள்ளை இருந்தும் சோறு போடாதவர் நிலை என்னவென்று விதி கேட்கவில்லை. மத்திய அரசின் திட்டத்தில் 80 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அதன் பங்கு 2007 முதல் மாதம் 200 ரூபாயாகவே நிற்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. உதவி என்றோ சலுகை என்றோ சொல்லாமல் உரிமை என்று சொன்னது நல்ல தேர்வு. கூடவே வந்த ‘தகுதி வாய்ந்த மகளிர்’ என்ற தொடர் ‘தகுதியுள்ள ஏழை’யை நினைவூட்டுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் பெறும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிலுவைக்கோ அகவிலைப்படிக்கோ மனு எழுதும்போது ‘கருணை கூர்ந்து வழங்கிட’ என்று எழுதாதீர்கள். எந்த விதியின்படி, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு தொகை சேர வேண்டும் என்று எழுதுங்கள். ஓய்வூதியமும் பணிக்கொடையும் அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு காக்கும் சொத்து, சட்ட ஆதாரம் இல்லாமல் அவற்றை நிறுத்தி வைக்க முடியாது என்று ஜார்க்கண்ட் அரசு தொடர்பான வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.