அழுத்தநீர்க் கருவி: ஒரு சிறு வரலாறு

வீட்டு வாசலில் நிற்கும் காரைக் கழுவ ஓர் அழுத்தநீர்க் கருவி வாங்கலாமென்று கடைக்குப் போனவன், பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஒன்றில் 110 பார், அடுத்ததில் 130, மூன்றாவதில் 150. எண் ஏற ஏற விலையும் ஏறியது. பார் என்றால் என்னவென்று விற்பனையாளரைக் கேட்டேன். ‘ஃபோர்ஸ் சார்’ என்றார். பதில் முற்றிலும் தவறு என்று சொல்வதற்கில்லை.

மொட்டைமாடியில் பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கீழ்க்குழாயில் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். நூறு பார் வேண்டுமானால் தொட்டியை ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஏற்றவேண்டும். ஏற்காட்டு மலையில் தொட்டியை வைத்துச் சேலத்தில் குழாயைத் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் நுனியிலிருந்து அந்த அழுத்தத்தில் வெளியேறும் நீரின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். ஒரு மலையை இப்படிக் கைப்பெட்டிக்குள் மடித்து வைத்தவர்கள் யாரென்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதற்பெயர் ஓர் அமெரிக்கருடையது. பென்சில்வேனியாவில் ஃபிராங்க் ஓஃபெல்ட் என்பவர் 1920களின் பிற்பாதியில் நீராவியால் கழுவும் கருவியை உருவாக்கினார். கொதிகலன் வேலையில் ஈடுபட்டிருந்தபோது, வெளியேறிய நீராவித் தாரை தரையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை அகற்றியதைக் கவனித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கருவி ‘ஹைபிரஷர் ஜென்னி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னர் எந்த நிறுவனம் செய்தாலும் அமெரிக்கப் பட்டறைக்காரர்களுக்கு அது ‘ஸ்டீம் ஜென்னி’தான். வணிகப்பெயர் பொதுப்பெயராகிவிடும் இந்த வழக்கத்தை மறந்துவிடவேண்டாம். கதை மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கப்போகிறது.

இரண்டாம் பெயர் ஜெர்மானியருடையது. ஆல்ஃபிரட் கார்ச்சர் 1935இல் ஸ்டுட்கார்ட்டில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கே கழுவும் கருவி எதுவும் செய்யப்படவில்லை. உலோகத்தைப் பதப்படுத்தும் உலைகளும், குளிரில் உறைந்த விமான எஞ்சின்களைச் சூடேற்றும் சாதனங்களும்தான் சரக்கு. போரில் தோற்ற நாட்டில் அவற்றுக்கு வேலையில்லாது போக, சிறு அடுப்புகளும் கைவண்டிகளும் செய்து பிழைத்தது அந்தத் தொழிற்சாலை. அமெரிக்கப் படையினர் தம்மோடு கொண்டுவந்திருந்த நீராவிக் கருவிகளின் பழக்கம் அங்கிருந்தவர்களுக்கு வாய்த்தது. 1950இல் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் அழுத்தக் கருவி வெளிவந்தது. கார்ச்சர் 1959இல் இறந்தபின் நிறுவனத்தை நடத்தியவர் அவர் மனைவி ஐரீன். 1974இல் அழுத்தநீர்க் கருவிகளில் மட்டும் கவனம் செலுத்துவதென்று முடிவாயிற்று. நீலமாயிருந்த கருவி மஞ்சள் ஆயிற்று. தனிமனிதர் கையில் தூக்கிச்செல்லும் கருவி 1984இல் வந்தது. பட்டறைக்குச் சொந்தமாயிருந்த பொருள் வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

பிரெஞ்சு மொழியில் இந்தப் பெயரே கருவிக்குப் பொதுப்பெயராயிற்று. 2005 ஜூனில் பாரிஸின் புறநகரான லா கூர்னவில், இரு தரப்பினரின் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே அகப்பட்டு ஒரு சிறுவன் இறந்தான். வயது பதினொன்று. அங்கு சென்ற உள்துறை அமைச்சர் நிகோலா சார்க்கோசி அந்தக் குடியிருப்பைக் கார்ச்சரால் கழுவிச் சுத்தம் செய்வதாகச் சொன்னார். குடியேறியவர்களின் பிள்ளைகள் பெருவாரியாக வாழும் இடம் அது. குற்றவாளிகளைச் சொன்னேன் என்பது அவர் தரப்பு. கேட்டவர்கள் தங்களைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் அவர்கள் எடுத்துக்கொண்டது சரி. கழுவப்படுவது அழுக்கு, அழுக்கிடம் யாரும் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை. அவ்வாண்டு அக்டோபரில் காவலர்களிடமிருந்து ஓடி மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரு சிறுவர்கள் கிளிஷி-சூ-புவாவில் மின்சாரம் தாக்கி இறந்தபோது, புறநகரங்கள் மூன்று வாரம் எரிந்தன. அந்தச் சொல்தான் காரணம் என்பது மிகை. எரிந்த தெருக்களில் அது எவருக்கும் மறந்திருக்கவில்லை.

சார்க்கோசி 2007இல் குடியரசுத் தலைவரானார். 2022 ஜனவரியில் வலேரி பெக்ரஸ் என்னும் வேட்பாளர், நிலவறையில் கிடக்கும் கார்ச்சரை மீண்டும் வெளியே எடுக்கவேண்டும் என்றார். தங்கள் பெயரை அரசியலுக்குப் பயன்படுத்த வேண்டாமென்று நிறுவனம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பெக்ரஸ் அந்தத் தேர்தலில் ஐந்து விழுக்காட்டையும் எட்டவில்லை.

கடைக்குத் திரும்புவோம். பெட்டியில் கொட்டையாக இருப்பது உச்ச அழுத்தம். தொடர்ந்து வேலை செய்யும்போது கிடைப்பது அதற்குக் குறைவு. சோதிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. பாரை, நிமிடத்துக்கு வெளிவரும் லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் நீருக்குச் சேரும் ஆற்றல் கிலோவாட்டில் கிடைக்கும். 100 பார், 6 லிட்டர் என்றால் சரியாக ஒரு கிலோவாட். ஆகவே 1500 வாட் மோட்டார் 150 பாரில் 8 லிட்டர் தள்ளுகிறது என்று ஒரு பெட்டி சொன்னால், இரண்டாயிரம் வாட் வேலையை அது எங்கிருந்து கொண்டுவருகிறது என்று கேட்கலாம். நான் கேட்டேன். ‘இம்போர்ட்டட் சார்’ என்றார்.

காரின் வண்ணப்பூச்சுக்கு நூறு பாரே போதும். ஒற்றைப்புள்ளியாகப் பாயும் நுனியைத் தவிர்த்து விசிறியாக விரியும் நுனியை எடுத்து, ஓரடிக்குக் குறையாத தூரத்தில் பிடிக்கவேண்டும். டயரின் பக்கச்சுவருக்கு இன்னும் தள்ளி. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் விலை குறைவு, இரைச்சல் அதிகம். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், நீண்டநாள் உழைக்கும். வாளியிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்வது நம் ஊர்க் குழாய்களுக்கு அவசியம். தாரையைக் கைக்கு நேரே பிடித்துப் பார்க்கும் விளையாட்டு மட்டும் கூடாது. தோலில் ஊசிமுனைத் துளையாகத் தெரியும் காயத்துக்குள்ளே நீர் வெகுதூரம் ஊடுருவியிருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய காயம் அது.

சாதாரண ரப்பர் குழாய் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கும் மேல் கொட்டும் இடத்தில் இது ஆறு லிட்டரில் வேலையை முடிக்கிறது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவுவோருக்கு 5000 ரூபாய் அபராதம் அறிவித்தபோது, ஆறு லிட்டரா பத்தா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுவாரம் போய் 100 பார் கருவியையே வாங்கினேன். நிறம் பச்சை.