எஃகுச் சக்கரமும் அதன் பூச்சும்: ஜீப் வகை வண்டிகளில் துருத் தடுப்பின் வரலாறு

மோட்டார் வண்டிகள் மர ஆரக்கால் சக்கரங்களிலும் கம்பிச் சக்கரங்களிலும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் பில்ஸ்டன் நகரில் தேநீர்த் தட்டுகளுக்கான இரும்புத் தகடுகளை அச்சில் அழுத்தி வடித்துவந்த ஜோசப் சாங்கி நிறுவனம், 1908ஆம் ஆண்டையொட்டி அதே அழுத்து முறையால் எஃகுச் சக்கரங்களைச் செய்யத் தொடங்கியது. தட்டுத் தொழில் நடந்த அந்த வட்டாரம், ஆளிவிதை எண்ணெயையும் நிலக்கீலையும் கலந்து பூசிச் சூளையில் சுட்டு இறுக்கும் கறுப்பு வார்னிஷ் வேலைக்கும் பேர்போனது. ஆகவே எஃகுத் தகட்டை வளைப்பது, இணைப்பது, அதன்மேல் பூச்சைச் சுட்டு ஏற்றுவது ஆகிய மூன்று திறன்களும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. ஆனால் தேநீர்த் தட்டு வீட்டுக்குள் இருப்பது. சக்கரமோ சேற்றிலும் கல்லிலும் உருள்வது. வண்டியின் உறுப்புகளிலேயே பூச்சுக்கு மிகக் கடுமையான சோதனை சக்கரத்தில்தான் நடக்கிறது என்பதும், அந்தச் சோதனையில் தோற்றவை பெரும்பாலும் மேற்பூச்சுகள் அல்ல, அவற்றுக்கு அடியில் செய்யப்பட்டிருக்க வேண்டிய ஆயத்த வேலைகளே என்பதும் அடுத்து வந்த நூறாண்டுகளில் தெளிவாயின.

எஃகுச் சக்கரம் அடிப்படையில் இரண்டு பகுதிகளால் ஆனது. டயரைத் தாங்கும் வளையமான ரிம் ஒன்று. அதன் உட்புறத்தில் பொருந்தி, அச்சின் முனையோடு நட்டுகளால் பிணைக்கப்படும் டிஸ்க் மற்றொன்று. இவ்விரண்டும் ஆங்காங்கே பற்றவைத்தோ தறையடித்தோ இணைக்கப்படுவதால், இணைப்புகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் மெல்லிய இடுக்கு ஒன்று எஞ்சிவிடுகிறது. அதற்குள் நுழையும் நீர் எளிதில் உலர்வதில்லை. இடுக்கின் வாயில் காற்று கிடைக்க, அடியில் கிடைக்காமல் போகும்போது, காற்றில்லாத பகுதி நேர்மின்வாயாக மாறிக் கரையத் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவான்ஸ், இரும்பின்மேல் வைத்த உப்புநீர்த் துளியைக் கொண்டு 1920களில் இந்த மின்வேதி இயக்கத்தை விளக்கிக் காட்டினார். துளியின் விளிம்பு பளபளப்பாக இருக்க, அதன் நடுப்பகுதியே அரிக்கப்பட்டது. சக்கரத்தின் வெளிமுகம் பளிச்சென்றிருக்க, உள்ளிடுக்கு உளுத்துப்போவதற்கும் காரணம் அதுவே. போதாக்குறைக்கு, இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால், இடுக்கில் உருவாகும் துரு அருகிலுள்ள பூச்சை உள்ளிருந்தே நெம்பித் தள்ளிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர் இந்தச் சிக்கலை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தது. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளிய அந்த ஆண்டுகளில், தொடக்க கால வண்டிகளிலிருந்த ஒற்றைத் துண்டுச் சக்கரத்துக்குப் பதிலாக, இரு பாதிகளை நட்டுகளால் முடுக்கிச் சேர்க்கும் ‘காம்பாட்’ சக்கரம் வழக்கத்துக்கு வந்தது. காற்று இறங்கிய டயரோடும் சற்றுத் தொலைவு ஓட இது உதவியது. அதே வேளையில், இரு பாதிகளும் சந்திக்கும் விளிம்பு நீருக்கு இன்னொரு வாயிலாகவும் அமைந்தது. படையின் மங்கிய பச்சை வண்ணம் ஒளியை எதிரொளிக்காமல் வண்டியை மறைப்பதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது. சக்கரத்தை நெடுங்காலம் காப்பது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் கதை இன்னும் சுவையானது. போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டால் அதன் உடற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. துருப்பிடிக்காத உடலைத் தாங்கிய அடிச்சட்டமும் சக்கரங்களும் எஃகாகவே நின்றதால், பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்போரின் துருக் கவலை பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேயே இருந்தது. 1940களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கிய மகிந்திரா நிறுவனத்தின் வழியாகவும், 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமம் சென்னைப் பாடியில் நிறுவிய வீல்ஸ் இந்தியா ஆலையின் வழியாகவும் எஃகுச் சக்கரத் தொழில் இந்தியாவில் வேரூன்றியது.

துருவைத் தடுக்கும் பழைய முயற்சிகளுள் ஒன்று துத்தநாக முலாம். உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்கு 1837இல் பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் காப்புரிமை பெற்றார். இரும்பைவிட எளிதில் கரையும் துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காப்பது இதன் உட்பொருள். எனினும் சுமார் 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முக்கும்போது மெல்லிய தகடு கோணக்கூடும் என்பதாலும், ஏறும் முலாம் எல்லா இடத்திலும் ஒரே சீராக அமையாது என்பதாலும், துல்லியமான வட்டமும் சமநிலையும் வேண்டிய சக்கரங்களில் இம்முறை பெரிதாக இடம்பிடிக்கவில்லை. ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்த சிவப்பு அடிப்பூச்சு பாலங்களையும் கப்பல்களையும் நெடுநாள் காத்தது. ஈயத்தின் நச்சால் அது பின்னர் ஒதுக்கப்பட்டது. இந்தியப் பட்டறைகளில் அதன் இடத்தை ரெட் ஆக்சைடு பிரைமர் பிடித்துக்கொண்டது. நிறம் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்று என்று கருதுவோர் உண்டு. ஈயச் செந்தூரம் வேதியியல் வழியில் துருவைத் தடுத்தது. வெறும் இரும்பு ஆக்சைடோ பெரிதும் ஒரு திரையாக நிற்பதே. அதனால்தான் அதனோடு சிங்க் குரோமேட் அல்லது சிங்க் பாஸ்பேட் சேர்க்க நேர்ந்தது.

உண்மையான திருப்பம் ஓசையின்றி வந்தது. பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட், எஃகைச் சூடான பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் அமிழ்த்தி அதன் மேற்பரப்பையே பாஸ்பேட் படிகங்களாக மாற்றும் முறைக்கு 1906இல் காப்புரிமை பெற்றார். அம்முறையைத் தழுவி வளர்த்த பார்க்கர் நிறுவனம் 1915இல் அமெரிக்காவில் தோன்றியது. தொடக்கத்தில் மணிக்கணக்கில் நீடித்த இந்த வேலை, 1920களின் இறுதியில் செப்பு உப்புகளைச் சேர்த்து வினையை விரைவுபடுத்தியதால் சில நிமிடங்களுக்குச் சுருங்கி, ஆலைகளின் ஓடுவரிசைக்குள் நுழைந்தது. பாஸ்பேட் படிவம் தனியாக நின்றால் துருவை நெடுநாள் தடுக்காது. பெயிண்டுக்குப் பிடிமானம் தருவதும், பூச்சில் கீறல் விழுந்தால் துரு அதன் அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து பரவாமல் தடுப்பதும் அதன் பணிகள். கல் தெறித்துக்கொண்டே இருக்கும் காட்டுப் பாதைச் சக்கரத்துக்கு இந்த இரண்டாவது பணியே உயிர்நாடி.

இடுக்குச் சிக்கலுக்கு விடை தந்தது மின்வழிப் பூச்சு. நீரில் கரையும்படி ஆக்கிய பிசினும் நிறமிகளும் கொண்ட தொட்டியில் பொருளை மூழ்கவைத்து நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினால், பெயிண்ட் துகள்கள் அதன்மேல் படிகின்றன. படிந்த இடம் மின்தடையாக மாறிவிடுவதால், மின்னோட்டம் இன்னும் பூசப்படாத மூலைகளைத் தேடிச் செல்கிறது. ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் ப்ரூவர் தலைமையில் உருவான இம்முறை, கார் உடற்கூடுகளுக்கு 1963இல் வருவதற்கு முன்பே, 1961இல் சக்கரங்களுக்குத்தான் பயன்பட்டது. தொழிலின் கடினமான உறுப்பையே முதற்களமாகத் தேர்ந்த அந்த முடிவு பாராட்டுக்குரியது. தொடக்கத்தில் பொருள் நேர்மின்வாயாக இருந்ததால் இரும்பும் சிறிதளவு கரைந்து பூச்சில் கலந்தது. 1970களில் மின்வாயை மாற்றி அமைத்ததும் அக்குறை நீங்கியது. பெரும்பாலான எஃகுச் சக்கரங்களில் இன்று காணப்படும், சுமார் 20 மைக்ரான் தடிப்புள்ள கறுப்புப் பூச்சு இதன் வழிவந்ததே.

பழைய சக்கரத்தைப் புதுப்பிக்கும் பட்டறைக்கு இந்தத் தொட்டிகள் எட்டாதவை. அங்கு முதற்கருவி, 1870இல் பெஞ்சமின் டில்மன் காப்புரிமை பெற்ற மணல் வீச்சு. அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சி உலோகத்தை வெளுக்கும் இம்முறை துருவைக் குழிகளின் அடிவரை நீக்குகிறது. கம்பி பிரஷும் உப்புத்தாளும் அவ்வளவு ஆழம் செல்வதில்லை. ஆனால் சிலிக்கா மணலின் தூசி நுரையீரலைக் கெடுப்பதால், பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளின் வழியாக அதன் பயன்பாட்டைத் தடைசெய்தது. மாற்றாக வந்தவற்றுள் ஒன்றான கார்னெட், தமிழகத்தின் தென்கோடிக் கடற்கரை மணலில் கிடைக்கும் கனிமம். வெளுத்த எஃகு ஈரக் காற்றில் சில மணி நேரத்துக்குள் மீண்டும் துருவேறத் தொடங்கும் என்பதால், அன்றே எபாக்சி பிரைமர் பூசியாக வேண்டும். மெல்லிய துரு மட்டுமே உள்ள இடத்தில் டானிக் அமிலம் கலந்த துரு மாற்றிகள் பயன்படும். கடுக்காய்க் கறையில் இரும்பு கறுப்பதும் இதே வினைதான். அடுக்கடுக்காகப் பெயரும் துருவின்மேல் அவற்றைப் பூசுவது வீண் செலவு.

பவுடர் கோட்டிங் இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. ஜெர்மனியின் எர்வின் கெம்மர் 1950களில் உருவாக்கிய தூள்படுகை முறையிலிருந்து கிளைத்த இது, மின்னேற்றம் பெற்ற பிசின் தூளைத் தூவிச் சுமார் 180 முதல் 200 பாகை வரை சுட்டு இறுக்குவது. கண்ணுக்கு அழகானது, கெட்டியானது. எனினும் கல் பட்டு ஓரிடத்தில் பிளந்தால், அடியில் பாஸ்பேட் படிவமோ துத்தநாக பிரைமரோ இல்லாதபோது ஈரம் புகுந்து பூச்சு தோலாக உரிகிறது. அதை வீட்டில் தொட்டுப் பூசிச் சரிசெய்யவும் இயலாது. கரடுமுரடான பாதைகளில் ஓடும் வண்டிக்கு, நல்ல பிரைமரின்மேல் பூசிய சாதாரண எனாமலே பல வேளைகளில் அறிவுடைய தேர்வு. எந்தப் பூச்சாயினும், அச்சின் முகத்தோடு ஒட்டும் பரப்பிலும் நட்டு அமரும் கூம்புக் குழிகளிலும் தடிப்பாக ஏறக் கூடாது. அங்குள்ள பூச்சு நாளடைவில் நசுங்கி, நட்டின் இறுக்கம் தளர்ந்து, சக்கரம் கழன்றுபோக வழிசெய்யும். டியூப் இல்லாத டயர்களில் ரிம்மின் விளிம்புத் துரு காற்றுக் கசிவாகவும் வெளிப்படுகிறது. அந்த வளையப் பரப்பு வழுவழுப்பாகத் தேய்க்கப்பட வேண்டும்.

புதுப்பிக்கும் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. மணல் வீசித் துரு நீங்கிய பின் பற்றவைப்பு ஓரங்களிலோ நட்டுத் துளைகளைச் சுற்றியோ ஆழமான குழிகளோ விரிசலோ தென்பட்டால், எத்தனை அடுக்குப் பூசினாலும் அந்த எஃகின் வலிமை திரும்பாது. அத்தகைய சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதே முறை.