டியூப் போட்டா புள்ள திரும்ப வராதா? ஒரு சின்னக் குழாயின் பெரிய கதை

ஒரு நைட் டியூட்டி. ராத்திரி 2 மணி இருக்கும். இரண்டே கால் வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டு அப்பாவும் அம்மாவும் ஓடி வர்றாங்க. நாய் குரைக்கிற மாதிரி இருமல். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் 'க்ரீச்'சுனு ஒரு சத்தம். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வருது.

நான் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறதுக்கு முன்னாடியே அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "சார், ஊசி போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. டியூப் மட்டும் போட்றாதீங்க. டியூப் போட்டா திரும்ப வராதுன்னு சொல்றாங்க."

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைக் கேட்டிருக்கேன்னுதான் சொல்வாங்க. அதனாலதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அந்த டியூபைக் கண்டுபிடிச்சதே மூச்சடைச்சு சாகக் கிடந்த குழந்தைங்களுக்காகத்தான்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. கைக்குழந்தையோட குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம்தான். சுத்தி ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினா உள்ளே மிஞ்சறது 2. பாதி ஆயிடுச்சு, அப்போ ரெண்டு மடங்கு கஷ்டம்னு நினைப்பீங்க. இல்லை. காத்து போறதுக்கான தடை 16 மடங்கு ஆகும். உங்களுக்கும் எனக்கும் தொண்டைக்கட்டு, குரல் கம்மல்னு போற வீக்கம், குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை ஆகறது இதனாலதான்.

பழைய காலத்தில் இந்த இடத்தை அடைச்ச பெரிய வில்லன் டிப்தீரியா. நம்ம ஊரில் தொண்டை அடைப்பான். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வு படரும், சுரண்டினா ரத்தம் வரும். அது குரல்வளைக்குள்ள இறங்கினா மூச்சு நிக்கும். ஸ்பெயினில் இதுக்குக் கழுத்தை நெரிக்கும் தண்டனைக் கருவியோட பெயரையே வெச்சாங்க. 1613-ஐ அந்த நோயின் ஆண்டுன்னே அவங்க வரலாற்றில் சொல்றாங்க.

'டிப்தீரியா' என்ற பெயருக்குக் காரணம் பிரான்ஸின் தூர் நகர டாக்டர் பியர் பிரெத்தோனோ. பதப்படுத்திய தோலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து 1826-ல் அவர் எடுத்தது. அதுக்கு முந்தின வருஷம் அவர் இன்னொண்ணு செஞ்சார். மூச்சடைச்சுக் கிடந்த நண்பரின் மகளுக்குக் கழுத்தில் துளை போட்டு நேரா மூச்சுக்குழாயில் வழி உண்டாக்கினார். அவருடைய முந்தைய முயற்சிகள் தோல்வி. இந்தக் குழந்தை பிழைச்சது.

கழுத்தில் துளை போடற யோசனை புதுசில்லை. ஆனா செய்யத் துணிஞ்சவங்க ரொம்பக் குறைவு. 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை அடைச்சுக் கிடந்தப்போ, மூணு டாக்டர்களில் இளையவரான எலிஷா டிக் இதைத்தான் சொன்னார். மூத்தவங்க ஒத்துக்கலை. ரத்தத்தை எடுத்துக்கிட்டே இருந்தாங்க. நாட்டின் முதல் ஜனாதிபதி அன்னைக்கு ராத்திரியே இறந்துட்டார்.

பிரெத்தோனோவின் மாணவர் அர்மான் த்ரூசோ பாரிஸில் 200 குழந்தைகளுக்கு மேல் இந்த ஆபரேஷனைச் செஞ்சார். மயக்க மருந்து வர்றதுக்கு முந்தின காலத்தில் ஆரம்பிச்ச வேலை. நாலில் ஒரு குழந்தை பிழைச்சது. நமக்கு இது கொடுமையா தெரியும். அந்தக் காலத்தில் அது சாதனை. கடைசி நிமிஷம் வரை காத்திருக்காதீங்க, சீக்கிரம் பண்ணுங்கன்னு த்ரூசோ திரும்பத் திரும்பச் சொன்னார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

1858-ல் யூஜின் பூஷூ என்ற குழந்தை மருத்துவர் பாரிஸ் மருத்துவ அகாதெமியில் ஒரு புது யோசனையோட வந்து நின்னார். கழுத்தை ஏன் வெட்டணும்? வாய் வழியா குரல்வளையில் ஒரு குட்டி உலோகக் குழாயை வெச்சா என்ன? ஏழு குழந்தைகளுக்குச் செஞ்சிருந்தார், பெரும்பாலானவங்க பிழைக்கலை. ஆராயக் குழு போட்டாங்க. அதில் முன்னின்றவர் யார்? நம்ம த்ரூசோதான். யோசனை நிராகரிக்கப்பட்டது. த்ரூசோ கெட்டவர் இல்லை. ஆனா தன் கையால் குழந்தைகளைக் காப்பாத்தின ஒரு வழி இருக்கும்போது, இன்னொருத்தர் வழியைச் சமமா எடை போடறது எந்த டாக்டருக்கும் கஷ்டம். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சே பெரிசா இல்லை.

இப்போ நியூயார்க் போவோம். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்தின ஃபவுண்ட்லிங் இல்லம். அங்கே 1872-லிருந்து வேலை பார்த்தவர் ஜோசப் ஓட்வயர். டிப்தீரியா வந்தா அந்த இல்லம் சுடுகாடுதான். கழுத்தில் துளை போட்ட குழந்தைகள்கூட அங்கே தேறலை. தினமும் இதைப் பார்த்துப் பார்த்து, 1880 வாக்கில் மனுஷன் வாய் வழியே குழாய் வைக்க முயற்சி செய்ய ஆரம்பிச்சார்.

முதலில் ரெண்டு தகடு விரியற மாதிரி ஒரு கருவி. தகடுகளுக்கு நடுவில் வீங்கின சதை பிதுங்கி வந்து அடைச்சது. அப்புறம் குட்டைக் குழாய். குழந்தை இருமினா வெளியே வந்து விழும். இறந்த குழந்தைகளின் குரல்வளையில் அளவெடுத்தார். குழாயை நீளமாக்கினார். நடுவில் லேசா புடைப்பு வெச்சார், இருமினாலும் கழலாம இருக்க. மேலே ஒரு விளிம்பு, உள்ளே நழுவிப் போகாம இருக்க. வயசுக்கு ஏத்த அளவில் குழாய்கள், உள்ளே வைக்க ஒரு கருவி, எடுக்க ஒரு கருவி, வாயைத் திறந்து பிடிக்க ஒரு கருவி. எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டி. தோல்விகளைத் தாண்டி 1885-ல் தன் முறையை எழுதி வெளியிட்டார்.

எப்படிச் செஞ்சாங்க தெரியுமா? குழந்தையைப் போர்வையில் சுத்தி நர்ஸ் மடியில் உட்கார வைப்பாங்க. டாக்டர் இடது ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டுக் குரல்வளையைத் தடவிக் கண்டுபிடிச்சு, விரலை ஒட்டியே குழாயை இறக்கணும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. சில விநாடிதான் அவகாசம். சில சமயம் சவ்வையே உள்ளே தள்ளி மொத்தமா அடைச்சுடும். சரியா உட்கார்ந்தா, நீலம் பாரிச்ச முகம் சிவக்கும், குழந்தை தூங்கும். பால் குடிச்சா புரையேறும்னு, தலையைத் தாழ்த்திப் படுக்க வெச்சு ஊட்டினாங்க.

ஆனா குழாய் வழியைத்தான் திறக்கும். நஞ்சு ரத்தத்தில் ஓடி இதயத்தைத் தாக்கறதை அது தடுக்காது. அதுக்கு மருந்து வந்தது குதிரையிடமிருந்து. 1890-ல் ஜெர்மனியில் பேரிங்கும் ஜப்பானியர் கிடசாட்டோவும் நஞ்சை முறிக்கும் சீரத்தைக் காட்டினாங்க. 1894-ல் பாரிஸில் எமில் ரூ குதிரை சீரத்தைக் குழந்தைகளுக்குப் போட்டார். சுமார் 52 சதவீதமா இருந்த இறப்பு 25-க்குள்ள வந்தது. அதே மாதங்களில் சீரம் போடாத இன்னொரு பாரிஸ் ஆஸ்பத்திரியில் 60 சதவீதம். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் த்ரூசோ!

குழாயும் சீரமும் சேர்ந்தப்போதான் கணக்கே தலைகீழாச்சு. 1896-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் திரட்டின அறிக்கையின்படி, முன்னாடி குழாய் வைக்கப்பட்ட 100 குழந்தைகளில் 27 பேர் பிழைச்சாங்க. சீரம் வந்தபிறகு 27 பேர்தான் இறந்தாங்க. ஓட்வயர் இதைப் பார்த்துட்டு 1898-ல் காலமானார்.

வழியில் விபத்தும் உண்டு, மறைக்க வேண்டாம். 1901-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜிம் என்ற குதிரையின் சீரத்தில் டெட்டனஸ் கலந்து 13 குழந்தைகள் இறந்தாங்க. அடுத்த வருஷமே இப்படிப்பட்ட மருந்துகளைக் கட்டுப்படுத்த அங்கே சட்டம் வந்தது. 1923-ல் பிரான்ஸில் கஸ்தோன் ரமோன் நஞ்சின் விஷத்தன்மையை நீக்கித் தடுப்பூசிக்கு வழி செஞ்சார். நம்ம குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரத்தில் போடற பென்டாவேலன்ட் ஊசிக்குள்ள இருக்கறது அதுதான்.

சரி, டியூப் போட்டா திரும்ப வராதுங்கிற பேச்சு எங்கிருந்து வருது? த்ரூசோ புலம்பினது ஞாபகம் இருக்கா? டியூப் போடற நிலைமைக்கு வர்ற குழந்தை ஏற்கெனவே விளிம்பில் நிக்குது. அதில் சிலர் இறக்கும்போது, வெளியே நிக்கிற சொந்தக்காரங்க கடைசியா பார்த்தது டியூபைத்தான். பழி அதுமேல விழுது. "வேண்டாம், வேண்டாம்"னு அரை மணி நேரம் தள்ளிப்போட்டா, அந்த அரை மணி நேரமே அவங்க பயந்ததை நடத்திக் காட்டிடும். டியூபுக்கும் ஆபத்து இருக்கு. ரொம்ப நாள் இருந்தா குரல்வளைக்குக் கீழே புண்ணாகித் தழும்பு விழுந்து சுருங்கலாம். ஓட்வயரும் அதோட போராடினவர்தான். அதனாலதான் அளவு பார்த்துப் போடறோம், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ எடுக்கப் பார்க்கறோம்.

அந்தப் பையனுக்கு வருவோம். சத்தம் போடாம, அம்மா மடியிலேயே வெச்சு, தொண்டையைப் பார்த்தேன். சவ்வு இல்லை. வைரஸால் வர்ற குரூப். டெக்ஸாமெதசோன் கொடுத்து, அட்ரினலின் நெபுலைசேஷன் வெச்சோம். டியூப் பெட்டியைப் பக்கத்தில் திறந்தே வெச்சிருந்தேன். அப்பா அதையே பார்த்துக்கிட்டு நின்னார். விடியற்காலை 5 மணிக்கு சத்தம் அடங்கிச்சு. பையன் பிஸ்கட் கேட்டான்.

அம்மா பையிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டினாங்க. பென்டாவேலன்ட் மூணு டோஸும் இருந்தது. 16 மாசத்திலிருந்து 24 மாசத்துக்குள்ள போடற பூஸ்டர் கட்டம் காலி. "அப்போ அவனுக்கு சளி இருந்துச்சு சார், அப்புறம் மறந்துட்டோம்"னாங்க. டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். அடுத்த புதன்கிழமை போட்டுட்டு, அட்டையைக் கொண்டு வந்து காட்டிட்டுப் போனாங்க.