வல்லப்பட்டைக்கு வந்த விலை

கலவானவிலிருந்து வெத்தாகல வழியாகக் குடாவ பக்கம் போனால், தேயிலையும் றப்பரும் முடிகிற இடத்தில் சிங்கராஜ வனம் தொடங்கிவிடும். அந்த ஈரக்காட்டு மரம் வல்லப்பட்டை. ஜைரினொப்ஸ் வல்லா என்று 1791இல் ஜெர்மானியரான கேர்ட்னர் அதைத் தாவர நூலில் ஏற்றினார். அதன்பின் இருநூறு ஆண்டுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பட்டையை உரித்தால் கட்டுவதற்கு நல்ல நார் கிடைக்கும், அவ்வளவுதான். வெளுத்த, இலேசான மரம். கதவு நிலைக்கு ஆகாது. அந்த அலட்சியமே அதைக் காப்பாற்றியது.

2012 அளவில் எல்லாம் மாறிவிட்டது. வல்லப்பட்டைக்குள்ளும் அகில் விளையும் என்ற செய்தி பரவியது. அகில் நமக்குப் புதிதா என்ன? சங்கப் பாடல்களில் கூந்தலுக்கு ஊட்டும் புகை அது. அராபியர் வீட்டில் விருந்தாளி வந்தால் தணலில் இடும் ஊத் சில்லும் அதுதான். அசாமின் ஹோஜாயில் சில்லுகளை ஊறவைத்து, நாட்கணக்கில் அடுப்பேற்றி எண்ணெய் வடிக்கிறார்கள். 2002இல் இவ் சான் லோரான் ‘எம்7’ என்ற வாசனைத் திரவியத்தை வெளியிட்ட பின் மேற்கு நாடுகளும் அகிலைத் தேடத் தொடங்கின.

நலமான மரத்தில் இந்த மணம் கிடையாது. காயம்பட்டு, பூஞ்சை ஏறிய இடத்தில் மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கரும்பிசின்தான் அகில். அது உள்ளே இருக்கிறதா என்பது வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. அதனால் திருடர்கள் அகப்பட்டதையெல்லாம் வெட்டினார்கள். பிசினே இல்லாத இளமரங்களும் வீணாகச் சாய்ந்தன. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். ஜைரினொப்ஸ் பேரினம் முழுவதும் 2005 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இருந்தும் டுபாய்க்கும் இந்தியாவுக்கும் போகும் பயணப் பைகளில் கட்டுநாயக்க சுங்க அதிகாரிகள் எத்தனையோ முறை வல்லப்பட்டைத் துண்டுகளைப் பிடித்தார்கள்.

காவல் மட்டும் போதாது, மரத்தை நடவும் வேண்டும். கம்பனிகள் வெளிநாட்டு அகில் மரத்தை இங்கே நட்டு, தண்டில் துளையிட்டுப் பிசின் வரவைக்கின்றன. வல்லப்பட்டையின் பிசினும் அந்த அகிலை ஒத்ததென்று ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டு வளவிலும் வளரும் மரம் இது. ஆனால் பலன் தரப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். கிராமத்துக்காரரிடம் வளவு உண்டு. லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கோ வாசலுக்கு வெளியே எல்லாம் தோட்டத்து நிலம். அவர்கள் கையில் நாற்றைக் கொடுப்பதற்கு முன் காணி உறுதியைக் கொடுக்க வேண்டும்.