இறைப்பிரசன்னம் (கிறித்தவம்)

இறைப்பிரசன்னம் என்பது கடவுள் மனிதரோடு உடனிருக்கிறார் என்னும் கிறித்தவ நம்பிக்கையையும், அவ்வுடனிருப்பை வழிபாட்டு நேரத்தில் மட்டுமன்றி உழைப்பு, உணவு, நோய், துயர் ஆகிய அன்றாட நிகழ்வுகளிலும் கண்டுணரும் பழக்கத்தையும் குறிக்கும். கத்தோலிக்கர் அண்மைக் காலமாக "இறை உடனிருப்பு" என்ற சொல்லையும் ஆள்கின்றனர். சீர்திருத்தத் திருச்சபையினரிடையே "தேவபிரசன்னம்" என்ற வழக்கு உண்டு. அவர்களது பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் "சமுகம்" என்ற சொல் இதே பொருளில் வருகிறது. இக்கட்டுரை இந்நம்பிக்கையின் அடிப்படையைச் சுருக்கமாகக் கூறி, வடசென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள துறைமுக, தொழிற்சாலைப் பகுதியின் வாழ்வோடு அது பிணைந்துள்ள விதத்தை விளக்குகிறது.

விவிலிய அடிப்படை

கடவுள் எங்கும் நிறைந்தவர் என்பது கிறித்தவக் கோட்பாடு. அவரைக் கண்டுணர்தல் என்பது வேறு. அது ஒரு பயிற்சி. இவ்வேறுபாட்டை யோவான் நற்செய்தியின் 21 ஆம் அதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது. இயேசுவின் மரணத்திற்குப் பின் பேதுருவும் தோழர்களும் மீண்டும் மீன்பிடிக்கச் செல்கின்றனர். இரவு முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. விடியலில் கரையில் நிற்பவர் இயேசு என்பதை அவர்கள் அறியவில்லை. படகின் வலப்பக்கம் வலை வீசுமாறு அவர் கூறியபடி செய்து, வலை நிறைந்த பின்னரே ஒரு சீடர் அவரை இன்னாரென அறிந்து பேதுருவிடம் சொல்கிறார். உடனே பேதுரு கடலில் குதிக்கிறார். கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் காத்திருக்கின்றன.

இங்கே கண்டுணர்தல் நிகழுமிடம் கோயில் அன்று, தொழிலிடம். முதலில் அறிந்தவர் பேதுரு அல்லர், மற்றொரு படகுத்தோழர் என்பதும் கவனிக்கத்தக்கது. மீனவர் வாழும் ஊர்களில் இப்பகுதி தனிப் பொருள் பெறுவதில் வியப்பில்லை.

பிற்காலத்தில் இஞ்ஞாசியார் (1491–1556) நாள்தோறும் நடந்தவற்றைத் திரும்பிப் பார்க்கும் ஆத்தும சோதனையை வலியுறுத்தினார். பாரிசில் கார்மேல் சபை மடத்தின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்சு (இறப்பு 1691), பாத்திரங்களுக்கு நடுவிலும் செபத்தில் இருப்பது போலவே கடவுளோடு இருக்க முடியும் என்று கருதினார்.

இராயபுரம்

பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் முன்னாளில் "இராயப்பர்" என்றே அழைத்தனர். பவுல் சின்னப்பர் ஆனதும் யோவான் அருளப்பர் ஆனதும் இவ்வாறே. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்திற்குப் பின் பேதுரு என்ற வடிவமே பரவலாயிற்று. ஊரின் பெயரில் மட்டும் பழைய வழக்கு நிலைத்துவிட்டது: இராயபுரம் என்னும் பெயர் இராயப்பரிடமிருந்து வந்தது எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்தை 1829 இல் எழுப்பியவர்கள் படகோட்டிகளும் மீனவருமான கத்தோலிக்கர்.

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டன. பயணிகளும் சரக்கும் மசூலா படகுகளில் கரை சேர்ந்தனர். இப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னை நாரால் தைக்கப்பட்டிருக்கும். அலை மோதும்போது பலகை வளைந்து கொடுக்குமேயன்றி உடையாது. கரையருகே சீறும் அலைவரிசையைக் கடப்பதே பயணத்தின் மிக ஆபத்தான பகுதி. இத்தொழிலையே நாள்தோறும் செய்தவர்கள், புயலில் மூழ்கத் தொடங்கிக் கைதூக்கிக் காப்பாற்றப்பட்ட படகோட்டியான பேதுருவைத் (மத்தேயு 14) தம் பாதுகாவலராகக் கொண்டது பொருத்தமே.

துறைமுகமும் கடலரிப்பும்

1875 இல் செயற்கைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பர்ப் புயல் கட்டுமானத்தைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். துறைமுகம் நிலைபெற்றதும் மசூலா படகோட்டிகளின் தொழில் அருகியது. விளைவு அத்தோடு நிற்கவில்லை. இக்கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அலைதடுப்புச் சுவர்கள் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. சென்னைவாசிகள் காற்று வாங்கும் மணற்பரப்பு, ஒருவகையில், வடசென்னைக்குச் சேரவேண்டிய மணலே ஆகும். இன்று அங்கே கரையைக் காப்பவை கொட்டப்பட்ட பாறைகள்.

அன்றாட வழக்கங்கள்

காலை, நண்பகல், மாலை என மூன்று முறை மணி ஒலிக்கச் சொல்லப்படும் மூவேளை செபம் கத்தோலிக்கரின் பழைய வழக்கம். இது வேலையை நிறுத்தி ஒரு கணம் இறைவனை நினைப்பதற்காக ஏற்பட்டது. ஆலை முறைவேலை வந்தபின், சங்கொலியே பலருக்கு நாளைப் பகுத்தது. மாலையில் வீட்டில் கூடிச் சொல்லும் செபமாலையும், படகுக்குப் புனிதர் பெயரிடுவதும், அதன்மேல் சிலுவை வரைவதும் கடலோரக் கத்தோலிக்கரிடையே காணப்படும் பிற வழக்கங்கள்.

பேதுரு, பவுல் திருநாள் சூன் 29 அன்று வருகிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சூன் 14 உடன் முடிகிறது. எனவே இத்திருநாள், வருமானமில்லாத இரு மாதங்களுக்குப் பின் படகுகள் மீண்டும் கடலுக்குச் சென்றிருக்கும் வேளையில் அமைகிறது.

இறைப்பிரசன்னத்தைப் பிறர்பணியில் காணும் மரபும் இங்கு உண்டு. நோயுற்றோருக்குச் செய்தது தமக்கே செய்ததாகும் என்று இயேசு கூறுவதாக மத்தேயு 25 ஆம் அதிகாரம் காட்டுகிறது. 1888 இல் சென்னை வந்த இசுக்காட்லாந்து மருத்துவர் மட்டில்டா மக்பெயில் (1860–1946) பெண்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார். அப்பணியே 1914 இல் திறக்கப்பட்ட ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. ஆண் மருத்துவரிடம் செல்லப் பெண்கள் தயங்கிய காலம் அது.

எழும் வினாக்கள்

கடல் கொடுக்கும்போது கடவுளைக் காண்பவர், அது எடுக்கும்போது என்ன சொல்வார் என்பது இந்நம்பிக்கையை நோக்கி எழும் கடுமையான வினா. 2004 டிசம்பர் 26 ஆம் நாள், கிறித்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை தாக்கியபோது, வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் பலர் உயிரிழந்தனர். வடசென்னை மீனவரும் படகுகளையும் வீடுகளையும் இழந்தனர். அழிவைத் தண்டனையாகக் கொள்ளும் விளக்கத்தைப் பல இறையியலாளர் ஏற்பதில்லை. முறையிடும் திருப்பாடல்களும் விவிலியத்தில் உள்ளன என்றும், கடவுளிடம் புலம்புவதும் அவர் உடனிருப்பை ஏற்பதே என்றும் அவர்கள் கூறுகின்றனர். இவ்விளக்கம் அனைவருக்கும் நிறைவளிப்பதாகச் சொல்ல முடியாது.

மனிதரால் வரும் அழிவு வேறு வகையானது. அதைக் கடவுள் சித்தம் என்று பொறுத்துக்கொள்வது பொறுப்பாளிகளைத் தப்பவிடும் என்ற கண்டனம் உண்டு. கிறித்தவருக்குள்ளேயே எழுந்த விடுதலை இறையியலும் இதைச் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிசு 2015 இல் வெளியிட்ட சுற்றுமடல் சூழல் அழிவையும் வறியோர் துயரையும் ஒரே சிக்கலாகக் கண்டது. எண்ணூர் இதற்குக் கண்முன் உள்ள சான்று. 2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் கரையில் படிந்தது. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் அதை வாளிகளில் அள்ளினர். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. அப்போதும் மீனவர்கள் தம் படகுகளிலேயே சென்று அதை அள்ளினர்.